லைன் அறுந்தாலும் ஷெல் சாவதில்லை

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனிகளின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பாதி நேரம் வீட்டிலிருந்தோ, காட்பாடியில் ஏறிய ரயிலிலிருந்தோதான் உள்ளே நுழைகிறோம். கரன்ட் போய் ரௌட்டர் அணையும், அல்லது வழியில் சிக்னல் போகும். திரை அப்படியே நின்றுவிடும். ஜன்னலை மூடிவிட்டு மறுபடி லாகின் செய்வோம். பழைய ஷெல், அதாவது நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம், என்ன ஆனது என்று யாரும் பார்ப்பதில்லை.

அது சர்வரில் உயிரோடுதான் இருக்கும். எக்ஸிட் கொடுத்தால் முடிந்துவிட்டது என்ற தகவல் சர்வருக்குப் போகும். லைன் அறுந்தால் எதுவுமே போகாது. தொலைவிலிருந்து நம்மை உள்ளே விடும் எஸ்எஸ்எச் சர்வர், நாம் அமைத்து வைக்காதவரை தானாக விசாரிக்காது. எதிர்முனை இருக்கிறதா என்று பார்க்கும் லினக்ஸின் டிசிபி கீப்அலைவ், முதல் தடவை விசாரிக்கவே 7,200 விநாடி, அதாவது 2 மணி நேரம் ஆகும்.

அதுவரை என்ன கெடுதல் என்று கேட்கலாம். பேக்கப் டிஸ்க்கைக் கழற்ற அன்மவுன்ட் கொடுத்தால் 'டார்கெட் இஸ் பிஸி' என்று வரும். டிஸ்க்கை யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் ஃபியூசர் கட்டளை கொடுத்துப் பார்த்தால், அதன் ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருப்பது லைன் அறுந்த அந்தப் பழைய பாஷ் (லினக்ஸின் வழக்கமான ஷெல்). அப்படியே பிடுங்கினால் பேக்கப்பே கெடலாம்.

முதலில், யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் 'டபிள்யூ' கட்டளை கொடுங்கள். ஒரே பெயர் இரண்டு தடவை வந்து, ஒன்றில் ஐடில் நேரம் மணிக்கணக்கில் இருந்தால் பெரும்பாலும் அதுதான். அதன் டிடிஒய் (டெர்மினல்) எண்ணை வைத்து, ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் அதைப் பிடிக்கலாம். சும்மா 'கில்' போட்டால் பாஷ் அசையாது. கட்டளைக்காகக் காத்திருக்கும் பாஷ், கில் வழக்கமாக அனுப்பும் டெர்ம் சிக்னலைக் கண்டுகொள்ளாது. இங்கேதான் பலர் நேராக, மறுக்கவே முடியாமல் கொல்லும் 'கில் மைனஸ் 9' போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஷெல் செத்துவிடும், அது பின்னணியில் ஓட விட்ட வேலைகள் கேட்பாரற்று ஓடிக்கொண்டிருக்கும். லைன் போய்விட்டது என்று சொல்லும் 'கில் மைனஸ் ஹப்' கொடுத்தால் பாஷ் தன் வேலைகளுக்கும் சொல்லிவிட்டுத்தான் போகும். ஷெல் போனாலும் ஓடட்டும் என்று நோஹப் போன்றவை போட்டு விட்டவை மிஞ்சும். அவை யாரோ வேண்டுமென்றே விட்டவை, அவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இனி இப்படித் தேங்காமல் இருக்க, எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்புக் கோப்பான எஸ்எஸ்எச்டி கான்ஃபிகில் கிளையன்ட்அலைவ்இன்டர்வல் 60, கிளையன்ட்அலைவ்கவுன்ட்மேக்ஸ் 3 என்று வையுங்கள். மூன்று நிமிடத்துக்குப் பதில் இல்லாவிட்டால் சர்வரே இணைப்பை வெட்டிவிடும். சரி, நீண்ட வேலை நடுவில் லைன் போனால்? அதை, லைன் போனாலும் சர்வரில் தொடர்ந்து ஓட விடும் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். அப்புறம் லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில், கில்யூசர்ப்ராசஸஸ் என்ற அமைப்பை 'யெஸ்' (ஆம்) என்று மாற்றிவிடாதீர்கள். லாக்அவுட் ஆகும்போது டிமக்ஸும் சேர்ந்து போய்விடும்.