மைனஸ் என்பதற்காக விடையை அடிக்காதீர்கள்

பிளஸ் ஒன் விடைத்தாள் கட்டு ஒன்றைத் திருத்தி முடித்தேன். இந்த முறையும் அதே தவறு, ஒன்றிரண்டு தாளில் அல்ல. முக்கோணவியல் கணக்கு இதுதான்: 2 காஸ்² தீட்டா + 3 சைன் தீட்டா = 0. தீட்டா 0° முதல் 360° வரை.

காஸ்²-ஐ 1 − சைன்² என்று மாற்றி, சைன் தீட்டாவை எக்ஸ் என்று வைத்தால் 2எக்ஸ்² − 3எக்ஸ் − 2 = 0. இதுவரை பிள்ளைகள் ஒழுங்காக வந்துவிடுகிறார்கள். காரணிப்படுத்தினால் எக்ஸ் = −1/2 அல்லது 2. அப்புறம்தான் வினை. ஒரு தாளில் −1/2-ஐ வட்டமிட்டு, ‘குறை எண், ஏற்க இயலாது’ என்று எழுதி அடித்திருந்தது. அதன் கீழே சைன் தீட்டா = 2. அதற்கு மேல் போக வழியில்லை, மீதிப் பக்கம் காலி.

இந்தப் பழக்கம் பத்தாம் வகுப்பிலிருந்து வருகிறது. அங்கே வயது, வேகம், வயலின் நீளம் என்று கேட்பார்கள். மைனஸ் வந்தால் அடித்துவிடுவோம். அடிக்கச் சொன்னது இருபடிச் சமன்பாடு அல்ல, வயது. வயது மைனஸில் இருக்காது, அவ்வளவுதான். சைன் வயதும் அல்ல, வயலின் நீளமும் அல்ல. 180° தாண்டினால் 360° வரை சைன் மைனஸ்தான். ஆகவே −1/2 நல்ல விடை. 210°, 330° இரண்டும் அதிலிருந்தே கிடைக்கின்றன. அடிக்க வேண்டியது 2-ஐ.

பார்க்க வேண்டியது குறியை அல்ல, எல்லையை. சைனும் காஸும் −1-க்கும் 1-க்கும் வெளியே போகாது. டேனுக்கு எல்லையே இல்லை, −100 வந்தாலும் தொடாதீர்கள். சீக்கன்ட் (1/காஸ்), கோசீக்கன்ட் (1/சைன்) இரண்டும் −1-க்கும் 1-க்கும் இடையே வராது: சீக்கன்ட் தீட்டா = 1/2 என்று வந்தால் அதைத்தான் அடிக்க வேண்டும், அது பிளஸ்ஸாக இருந்தாலும்.

இன்னொன்று. 2 சைன்² தீட்டா = சைன் தீட்டா என்று கொடுத்தால் இருபுறமும் சைனை வெட்டிவிடாதீர்கள். அது பூஜ்யமாகவும் இருக்கலாமே! வெட்டினால் 30°, 150° மட்டும் மிஞ்சும். 0°, 180°, 360° மூன்றும் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து பொதுக்காரணி எடுங்கள். பூஜ்யத்தால் வகுப்பதைப் பற்றி இந்த வகுப்பில் நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

விடை வந்ததும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 210°-இல் காஸ்² 3/4, அதன் இருமடங்கு 3/2. சைனின் மும்மடங்கு −3/2. சரியாக வருகிறது. அரை நிமிட வேலை, தயவுசெய்து செய்யுங்கள்.

பத்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வயதுக் கணக்கில் ‘ஏற்க இயலாது’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். ‘வயது என்பதால் ஏற்க இயலாது’ என்று காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். காரணம் இல்லையென்றால் அரை மதிப்பெண் குறைத்தாலும் தப்பில்லை.