ஆர்எக்ஸ் 100 இன்ஜின்ல பவர் எங்கேர்ந்து வருது, அதை எப்படி கூட்டுறது

யமஹா ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996லயே நின்னு போச்சு, ஆனா இன்னைக்கும் நம்ம ஊர்ல எந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாலும் டேங்க் கழட்டின நிலையில ஒண்ணு நிக்கும். பெரும்பாலும் வண்டிக்காரர் சொல்றது ஒரே விஷயம்தான், "பிக்கப் பத்தல, இன்னும் கொஞ்சம் பவர் ஏத்தணும்". அங்கேர்ந்து நேரா சைலன்சர் மாத்துறது, போர்ட்டை (சிலிண்டர் சுவத்துல காத்து வந்து போற ஓட்டை) ஃபைல் போடுறது, பெரிய கார்பரேட்டர் மாட்டுறதுன்னு பேச்சு போயிடும். இது ஒவ்வொண்ணும் இன்ஜினுக்குள்ள என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு இறங்கினா காசும் மிச்சம், பிஸ்டனும் மிச்சம்.

முதல்ல இந்த இன்ஜின் எவ்ளோ கெட்டிக்கார இன்ஜின்னு பாருங்க. போர் (சிலிண்டரோட உள் விட்டம்) 50 மி.மீ, ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) 50 மி.மீ, மொத்தம் 98 சிசி, 7500 ஆர்பிஎம்ல 11 ஹெச்பி. பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 346 சிசில குடுத்தது 18 ஹெச்பி. ஒரு லிட்டருக்குன்னு கணக்கு போட்டா புல்லட் 52 ஹெச்பி, ஆர்எக்ஸ் 112 ஹெச்பி, அதாவது ரெண்டு மடங்குக்கு மேல. காரணம் ரெண்டு. ஒண்ணு, ஆர்எக்ஸ் 2-ஸ்ட்ரோக், புல்லட் 4-ஸ்ட்ரோக். 2-ஸ்ட்ரோக்ல கிராங்க் (பிஸ்டன் சுத்தி விடுற தண்டு) ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவ வெடிக்கும், 4-ஸ்ட்ரோக்ல ரெண்டு சுத்துக்கு ஒரு தடவதான். ரெண்டாவது, ஆர்எக்ஸ் அதிக ஆர்பிஎம்ல சுத்தும். எந்த இன்ஜினா இருந்தாலும் பவர் கூட்ட வழி இவ்ளோதான்: ஒரு வெடிப்புக்கு அதிக காத்தும் பெட்ரோலும் உள்ள போகணும், இல்லன்னா அதே நேரத்துல அதிக தடவ வெடிக்கணும், இல்லன்னா எரியிற சூட்டை வீணாக்காம பிஸ்டன் மேல தள்ளணும்.

ஆனா 30, 35 வருஷம் ஓடின வண்டில பவர் ஏத்துறதுக்கு முன்னாடி காணாமப் போன பவரை மீட்டாகணும், இதுல நான் கொஞ்சம் பிடிவாதமாவே இருப்பேன். பத்து வருஷமா 8 ஹெச்பியில ஓடிட்டு இருக்குற வண்டிக்கு ரேஸ் சைலன்சர் மாட்டி என்ன பிரயோஜனம்?

அந்த பவர் எங்க போகுதுன்னு புரியணும்னா பிஸ்டனுக்குக் கீழ பார்க்கணும். 2-ஸ்ட்ரோக்ல கிராங்க் சுத்துற கிராங்க் கேஸ் வெறும் பெட்டி இல்ல, அதுவே ஒரு பம்ப். பிஸ்டன் மேல போகும்போது கீழ வெற்றிடம் உண்டாகி கார்பரேட்டர்லேர்ந்து ரீடு வால்வ் (உள்ள மட்டும் விடுற மெல்லிய இதழ் கதவு) வழியா காத்தும் பெட்ரோலும் உள்ள வரும், பிஸ்டன் கீழ இறங்கும்போது ரீடு மூடிக்கிட்டு அந்தக் கலவை அமுங்கி டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியா மேல சிலிண்டருக்குள்ள பாயும். இந்தப் பம்ப்ல எங்கயாவது ஓட்டை இருந்தா கதை முடிஞ்சது. கிராங்கோட ரெண்டு பக்கமும் ஆயில் சீல் இருக்கு, ரப்பர் வயசானா இறுகிப் போய் காத்தை விடும். மேக்னெட் (கிராங்க் முனையில சுத்துற காந்தச் சக்கரம்) பக்க சீல் போனா வெளிக்காத்து உள்ள வந்து கலவையில பெட்ரோல் கம்மியாகி இன்ஜின் சூடாகும். கிளட்ச் பக்க சீல் போனா கியர் ஆயிலை உறிஞ்சி புகையா விடும், கியர் ஆயில் அளவு குறைஞ்சிட்டே இருக்கும், கீழ ஒரு சொட்டு ஒழுகல் இருக்காது.

இதை சோதிக்க ஒரு அருமையான வழி இருக்கு, ஏன் எல்லாரும் செய்யறதில்லன்னு தெரியல. இன்டேக் பக்கமும் சைலன்சர் பக்கமும் ரப்பர் வச்சு இறுக்கி அடைச்சிட்டு, ஒரு சின்ன கைப்பம்பும் கேஜும் வச்சு 6 பிஎஸ்ஐ அளவுக்கு மட்டும் காத்து ஏத்தணும், அதுக்கு மேல போனா நல்ல சீலே கெட்டுடும். அஞ்சாறு நிமிஷம் முள்ளு அசையாம நின்னா இன்ஜின் காத்து புடிக்கிற இன்ஜின். இறங்கினா சோப்புத்தண்ணியை ஒவ்வொரு ஜாயின்ட்லயும் தடவிட்டு வாங்க, சிலிண்டர் பேஸ் கேஸ்கெட், ரீடு பிளாக், கார்பரேட்டர் ரப்பர், கிராங்க் சீல், எங்க லீக்கோ அங்க நுரை கட்டும். ரீடு வால்வ் இதழ்களையும் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, நுனி உடைஞ்சிருந்தாலோ மூடின நிலையில நல்லா இடைவெளி தெரிஞ்சாலோ மாத்திடணும். புகை வெளிய போற எக்ஸாஸ்ட் போர்ட்லயும் சைலன்சர்லயும் அப்பியிருக்க கார்பனை எடுக்கணும். போர் தேஞ்சிருந்தா அடுத்த சைஸ் பிஸ்டனுக்கு ரீபோர். இதுல ஒரு ஆசை நிறைய பேருக்கு இருக்கு, பெரிய பிஸ்டன் போட்டா சிசி கூடிடும்னு. 1 மி.மீ ஓவர்சைஸ் போட்டாலும் 98 சிசி 102 சிசி ஆகும், அவ்ளோதான். ரீபோர்ல கிடைக்கிற வேகம் சிசிலேர்ந்து வரல, பிஸ்டன் ரிங் திரும்ப காத்து புடிக்கிறதால வருது.

இப்ப சைலன்சருக்கு வருவோம், 2-ஸ்ட்ரோக்கோட மந்திரமே இங்கதான் இருக்கு. 4-ஸ்ட்ரோக்ல மூட வால்வ் இருக்கு. 2-ஸ்ட்ரோக்ல புதுக் கலவை உள்ள வர்றப்ப எக்ஸாஸ்ட் போர்ட் திறந்தேதான் இருக்கும், அதனால எரியாத பெட்ரோல் ஒரு பங்கு அப்படியே வெளிய ஓடிடும். அதைத் தடுக்க ஒரு கதவு வேணும், இரும்புல இல்ல, காத்துலயே. போர்ட் திறந்ததும் சூடான வாயு வெடிச்சு வெளிய வரும்போது ஒரு அழுத்த அலை குழாயில ஓடும். குழாய் விரியிற இடத்துல அந்த அலை எதிர்மறையா திரும்பி வந்து சிலிண்டரை உறிஞ்சும், புதுக் கலவை வேகமா மேல ஏறும். அதே அலை குழாயில இன்னும் தள்ளிப் போய் குழாய் குறுகுற இடத்துல மோதி, கிணத்துக்குள்ள கத்தினா குரல் திரும்பி வர்ற மாதிரி அழுத்தமாவே திரும்பி வரும், வந்து வெளிய ஓடப் பாத்த பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள்ள தள்ளும், சரியா அந்த நேரம் பிஸ்டன் போர்ட்டை மூடணும்.

இதை அறிவியலா ஆராய்ஞ்சு ரேஸ்ல ஜெயிக்கிற அளவுக்குக் கொண்டு வந்தவர் கிழக்கு ஜெர்மனியில எம்இசட் கம்பெனியோட இன்ஜினியர் வால்ட்டர் காடன். ஆசிலாஸ்கோப் (அலையை திரையில காட்டுற கருவி) வச்சு குழாய்க்குள்ள அலையைப் பார்த்து வடிவத்தை செதுக்கினார், 1961ல அவரோட 125 சிசி இன்ஜின் 25 ஹெச்பி குடுத்துச்சு, லிட்டருக்கு 200 ஹெச்பி. அதே வருஷம் அவரோட ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் கிராண்ட் ப்ரீ சமயத்துல நாட்டை விட்டு ஓடி, அந்த அறிவோட சுசுகியில போய் சேர்ந்தார், 1962ல சுசுகி 50 சிசி உலக சாம்பியன்ஷிப்பை தட்டிச்சு. பனிப்போர் காலத்துல கம்பி வேலி தாண்டின ஒரு தொழில்நுட்பம் ஜப்பான் 2-ஸ்ட்ரோக்குகளுக்குள்ள பரவினது இப்படித்தான்.

இதுல முக்கியமான விஷயம் நேரம். 7500 ஆர்பிஎம்னா ஒரு சுத்துக்கு 8 மில்லி செகண்ட். எக்ஸாஸ்ட் போர்ட் கிட்டத்தட்ட அரை சுத்து திறந்திருக்கும்னு வச்சா 4 மில்லி செகண்ட். சூடான வாயுவுல அலை செகண்டுக்கு சுமார் 500 மீட்டர் போகும். போர்ட் மூடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 3.5 மில்லி செகண்ட்ல திரும்பி வரணும்னா போக வர 1.75 மீட்டர், அப்ப குறுகுற கூம்பு சுமார் 87 செ.மீ தூரத்துல இருக்கணும். இப்ப அதே பைப்பை வச்சு 9000 ஆர்பிஎம் சுத்துங்க, போர்ட் 3.3 மில்லி செகண்ட்லயே மூடிடும், அலை வந்து மூடின கதவுல முட்டும். அதனால எல்லா வேகத்துக்கும் பொருந்துற பைப்னு ஒண்ணு கிடையாது, அதிக ஆர்பிஎம்ல பவர் வேணும்னா நீளம் குறையணும், குறைஞ்சா கம்மி ஆர்பிஎம்ல இழுவை போயிடும். டவுனுக்குள்ள ரெண்டாவது கியர்ல ரெண்டு பேரோட ஓட்டுற ஆளுக்கு ரேஸ் பைப் மாட்டினா வண்டி முன்ன விட மந்தமாத்தான் தெரியும். கம்பெனி சைலன்சர் உள்குழாயைப் புடுங்கிட்டு ஓட்டுறது இன்னும் மோசம், சத்தம் ஏறும், பவர் ஏறாது, காதுதான் ஏமாறும்.

போர்ட்டிங்கும் இதே கணக்குதான். எக்ஸாஸ்ட் போர்ட்டோட மேல் விளிம்பை 1 மி.மீ உசத்தினா திறக்கும்போது சுமார் 2.4 டிகிரி, மூடும்போது அதே அளவு, ஆக கிட்டத்தட்ட 5 டிகிரி அதிகமா திறந்திருக்கும், அதுவும் பவரை அதிக ஆர்பிஎம் பக்கம் தள்ளும். ஒரு மில்லி மீட்டருக்கே இவ்ளோ. தேய்ச்ச இரும்பு திரும்ப வளராது, அதனால போர்ட் உசரத்தை விட்டுட்டு, டிரான்ஸ்ஃபர் போர்ட்டும் கேஸ்கெட்டும் கேஸும் சேர்ற இடத்துல இருக்குற படியை சமமாக்குறதோட நிறுத்துறது தெரு வண்டிக்கு நல்லதுன்னு நான் சொல்வேன்.

தெரு வண்டிக்கு உண்மையிலேயே பலன் குடுக்குற வேலை ஹெட்ல, அதாவது சிலிண்டர் மேல மூடியில இருக்கு. பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது அதோட ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்குற இடுக்கு, அதுக்கு ஸ்குவிஷ்னு பேரு. அந்த இடுக்கு சின்னதா இருந்தா கலவை நடுவுல பீச்சி அடிச்சு நல்லாக் கலங்கி சட்டுனு எரியும், பெருசா இருந்தா ஓரத்துல மாட்டின கலவை தானா வெடிச்சு நாக்கிங் குடுக்கும். அளக்கிறது சுலபம், எலக்ட்ரிக் கடையில கிடைக்கிற சால்டரிங் ஈயக்கம்பியை பிளக் ஓட்டை வழியா சிலிண்டர் சுவரைத் தொடுற மாதிரி விட்டு, மேக்னெட்டை கையால சுத்தி பிஸ்டனை மேல தாண்ட வச்சு, நசுங்கின நுனியை வெர்னியர்ல அளக்கணும். பிஸ்டன் பின் இருக்குற ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க, மத்த பக்கம் பிஸ்டன் சாஞ்சு தப்பான அளவு காட்டும். 1 மி.மீ பக்கத்துல இருந்தா நல்லது, 2 மி.மீ காட்டினா லேத்ல ஹெட்டோட அடிப்பரப்பை ஸ்கிம் பண்ணலாம், அதாவது கொஞ்சம் சீவி எடுக்கலாம். 0.5 மி.மீ எடுத்தாலே எரியிற இடத்துல 1 சிசி குறையும், கம்ப்ரஷன் ஏறும், கீழ் வேகத்துல இழுவை நல்லாவே தெரியும். பேஸ் கேஸ்கெட்டை மெலிசாக்கி இதே வேலையை செய்யலாம்னு தோணும், ஆனா அப்ப சிலிண்டரே கீழ இறங்கி எல்லா போர்ட்டும் லேட்டா திறக்கும்.

டாப் ஸ்பீடு ஆசை இருக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. காத்தோட எதிர்ப்பை மீறத் தேவைப்படுற பவர் வேகத்தோட மும்மடிக்கு ஏறும். 10 சதவீதம் வேகம் கூடணும்னா 33 சதவீதம் பவர் வேணும், 11 ஹெச்பி 14.6 ஆகணும். அதுவும் முன்னாடி பின்னாடி டிரம் பிரேக் இருக்குற வண்டியில. 2019ல சுப்ரீம் கோர்ட் வேற, கம்பெனி குறிப்பை மீறி வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவை வச்சு தீர்ப்பு சொல்லியிருக்கு.

கடைசி வேலை ஜெட், அதாவது கார்பரேட்டருக்குள்ள பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற சின்ன ஓட்டைத் துண்டு. இது எப்பவும் கடைசிதான், ஏன்னா மேல சொன்ன எதைத் தொட்டாலும் காத்து அளவு மாறும். ஏர் ஃபில்டர் கழட்டினாலும் மாறும். இப்ப இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கு: பங்க்ல வர்ற 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதா பெட்ரோல் 1 கிலோ முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும், இந்தக் கலவைக்கு சுமார் 13.5. அதனால 1980கள்ல போட்ட அதே ஜெட்ல இன்னைக்கு வண்டி 8 சதவீதம் அளவுக்கு பெட்ரோல் பத்தாமதான் ஓடும். அப்படி ஓடினா முதல்ல வண்டி பறக்குற மாதிரி இருக்கும், அதுலதான் ஆபத்து, பிஸ்டன் சூடாகி விரிஞ்சு நெடுஞ்சாலையில ஜாம் ஆகும்.

காலியான ரோட்டுல இன்ஜின் நல்லா சூடானதும் புது பிளக் மாட்டி, மூணாவது கியர்ல முழு ஆக்ஸிலேட்டர்ல கொஞ்ச தூரம் ஓட்டி, அப்படியே கிளட்ச் புடிச்சு சாவியை ஆஃப் பண்ணுங்க, ஐடிலிங்ல விடக் கூடாது. பிளக்கைக் கழட்டிப் பார்த்தா பீங்கான்ல வெளிர் காப்பி நிறம் இருந்தா மெயின் ஜெட் சரி. வெள்ளையா இருந்தா ஒரு சைஸ் பெரிய ஜெட், கருப்பா ஈரமா இருந்தா சின்ன ஜெட். முதல்ல பெருசுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா கீழ வாங்க, சின்னதுல ஆரம்பிச்சு மேல போகாதீங்க. சரியான நம்பர் கிடைச்சதும் ஒரு அட்டையில எழுதி சீட்டுக்கடியில ஒட்டி வைங்க, அடுத்த மெக்கானிக் கார்பரேட்டரை கழட்டுறப்ப அவருக்கு அது தேவைப்படும்.