ரீடைரக்ட் என்றால் வழிமாற்றா, மடைமாற்றா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எங்கள் சோதனைக்கூடத்துக்கென்று தனி நெட்வொர்க் உண்டு. இணையத்தோடு எந்தத் தொடர்பும் கிடையாது. சோதனையில் இருக்கும் மென்பொருள் 10.20.0.5 என்ற முகவரியைத் தேடும். அந்த சர்வர் எங்களிடம் இல்லை. அதனால் நடுவில் இருக்கும் லினக்ஸ் கணினியில் ஒரு விதி எழுதி, அங்கே போக வேண்டிய பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, 192.168.50.7 என்ற மாற்று சர்வருக்கு அனுப்புகிறோம். “ரீடைரக்ட் போட்டாச்சா?” என்றுதான் தமிழ்க்காரர்களும் கேட்டுக்கொள்வோம்.

சொல்லின் வேர் லத்தீன். ‘டிரிகெரே’ என்றால் நேராக்கு, நேரே செலுத்து. முன்னால் ‘ரீ’ சேர்ந்து, மறுபடி செலுத்து என்றானது.

தமிழ் விக்கிப்பீடியா இதை ‘வழிமாற்று’ என்கிறது. நல்ல சொல்தான், ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஏனென்றால் ரீடைரக்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. நெட்வொர்க் கருவிகள் தங்களுக்குள் செய்தி சொல்லிக்கொள்ள 1981-இல் வகுத்த ஐசிஎம்பி நெறிமுறையில், பாக்கெட்டுகளுக்கு வழிகாட்டும் ரவுட்டர் அனுப்புநரிடம், ‘இதைவிட நல்ல வழி அந்தப் பக்கம் இருக்கிறது’ என்று தெரிவிக்கும். பக்கம் இடம் மாறிவிட்டது என்று இணையதளம் அனுப்பும் 301 பதிலும் அப்படியே: புது முகவரியைச் சொல்லும், உலாவி தானே அங்கே போகும். இவை வழிமாற்று.

எங்கள் கூடத்தில் நடப்பது வேறு. அனுப்புநருக்கு எதுவும் தெரியாது. நடுவில் இருப்பவர் இலக்கையே மாற்றிவிடுகிறார். வயலில் ஒரு மடையை மண்ணால் அடைத்து இன்னொன்றை வெட்டிவிடுவோமே, அதேதான். மோட்டார் அது பாட்டுக்கு ஓடும், தண்ணீர் அடுத்த பாத்திக்குப் பாயும். ஆகவே இது மடைமாற்று. ‘நிதியை மடைமாற்றினார்கள்’ என்று நாளிதழ்கள் எழுதுவதால் வயலைத் தாண்டியும் பழகிய சொல். ‘திசைதிருப்பு’ வேண்டாம்; அதில் ஏமாற்றும் வாடை இருக்கிறது.

கன்னட நண்பரிடம் இதைச் சொன்னதும், ஏரித் தண்ணீரைப் பங்கிடும் ‘நீருகண்டி’யைப் பற்றிச் சொன்னார். நம் ஊர் நீர்க்கட்டி செய்யும் வேலை! ஏரி மதகைக் குறிக்கும் நம் தூம்பு அவர்களுக்குத் தூபு.

ஒன்று கவனிக்க வேண்டும். இந்த விதிகளை எழுதும் லினக்ஸ் கருவியான ஐபிடேபிள்ஸில் ‘ரீடைரக்ட்’ என்று எழுதினால் பாக்கெட் அந்தக் கணினிக்கே வந்து சேரும். வேறு முகவரிக்கு அனுப்ப, இலக்கு முகவரியை மாற்றும் ‘டிநாட்’ என்றுதான் எழுத வேண்டும். தமிழில் முன்னதைத் ‘தன்மடை மாற்று’ என்று பிரித்துச் சொல்லலாம். அப்புறம், பதிலும் அதே கணினி வழியாகத் திரும்ப வேண்டும். மாற்று சர்வர் நேராகப் பதில் அனுப்பினால், கேட்டவர் அதை அறியாத முகவரி என்று தள்ளிவிடுவார்.