ஓசையின்றி விடுபடும் பதிவுகள்: கர்சரோடு பழகுவோர் கவனத்திற்கு

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் நான் முன்பு பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில், முகவர்களின் மாதக் கமிஷனைக் கணக்கிட்டு வரவு வைக்கும் ஆரக்கிள் ப்ரொசீஜர் (தரவுத்தளத்திலேயே சேமித்துவைத்த நிரல்) ஒன்று ஒவ்வொரு மாதமும் முதல் தேதி இரவு ஓடும். ஓடி முடிந்ததும் லாக் அட்டவணையில் "வெற்றி" என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். மூன்று மாதம் அப்படித்தான் எழுதியது. அதன்பின் ஓசூர்ப் பக்கத்து முகவர் ஒருவர், தாம் சேர்ந்த நாளிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லையே என்று கேட்டார். அவர் கேட்ட பிறகுதான் எண்ணிப் பார்த்தோம். முதல் மாதம் 47 பேர், அடுத்த மாதம் 112 பேர், மூன்றாம் மாதம் 230 பேர் விடுபட்டிருந்தார்கள். எல்லோரும் அண்மையில் சேர்ந்தவர்கள், சிறு முகவர்கள். பிழைச் செய்தி ஒன்றுகூட எங்கும் பதிவாகவில்லை.

அந்த நிரலை எழுதியவர் திருப்பத்தூரிலிருந்து வந்து எங்கள் குழுவில் சேர்ந்திருந்த இளைஞர். சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தவள் நான். "அக்கா, டெஸ்ட்ல ஒண்ணுகூட விடுபடலையே" என்று அவர் சொன்னது உண்மைதான். அவர் சோதனைக்கென்று உருவாக்கியிருந்த முகவர்கள் சரியாக 2,000 பேர். ப்ரொசீஜர் ஒரு கர்சரைத் (ஒரு வினவலுக்கு விடையாகும் பதிவுகளை வரிசையாக எடுத்துத்தருவதை) திறந்து, பல்க் கலெக்ட் மூலம் லிமிட் 500, அதாவது கட்டுக்கு 500, என்ற கணக்கில் பதிவுகளை நினைவகத்தில் இருக்கும் பட்டியலான ஒரு கலெக்‌ஷனில் அள்ளும். அள்ளிய உடனே, அந்தக் கர்சரின் நாட்ஃபவுண்ட் (பதிவு கிடைக்கவில்லை என்ற நிலைக்குறி) உண்மையாக இருந்தால் லூப்பைவிட்டு வெளியேறும். இல்லையென்றால் அள்ளியவற்றை எழுதும். ஒவ்வொரு பதிவாக ஃபெட்ச் செய்யும் பழைய பாணியில் இந்த வரிசை முற்றிலும் சரியானது. ஆனால் லிமிட் வந்தபின் நாட்ஃபவுண்டின் பொருள் மாறிவிடுகிறது. கேட்ட எண்ணிக்கையைவிட ஒரு பதிவு குறைவாகக் கிடைத்தாலும் அது உண்மையாகிவிடும். உற்பத்திச் சூழலில் (நிஜ வேலை நடக்கும் தரவுத்தளத்தில்) இருந்த 12,047 முகவர்களில் 24 கட்டுகளாக 12,000 பேர் எழுதப்பட்டார்கள். இருபத்தைந்தாவது கட்டில் கையில் இருந்த 47 பேரும், கையில் இருக்கும்போதே கைவிடப்பட்டார்கள். சோதனையிலோ நான்கு கட்டுகளும் நிரம்பிவந்து, ஐந்தாவது ஃபெட்ச் வெறுங்கையோடு திரும்பியதால் யாரும் விடுபடவில்லை. பதிவுகள் முகவர் எண் வரிசையில் வந்ததால், கடைசியாகச் சேர்ந்தவர்கள் மாதந்தோறும் வாலில் நின்றார்கள்.

திருத்தம் ஒரு வரிதான். நாட்ஃபவுண்டைப் பார்க்காமல், கலெக்‌ஷனின் கவுண்ட், அதாவது உறுப்புகளின் எண்ணிக்கை, பூஜ்ஜியமா என்று பார்த்து வெளியேற வேண்டும். நாட்ஃபவுண்டையே வைத்துக்கொள்ள விரும்பினால் அந்தச் சோதனையை லூப்பின் அடிப்பகுதிக்கு, எழுதும் வேலை முடிந்தபின் வருமாறு, நகர்த்த வேண்டும். அப்படி நகர்த்தினால் காலியான கலெக்‌ஷனும் எழுதும் பகுதிக்குள் வரக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. அப்போது ஃபர்ஸ்ட்டிலிருந்து லாஸ்ட் வரை என்று எழுதிய ஃபார் லூப் இரு எல்லையும் நல், அதாவது மதிப்பற்றவையாக, இருப்பதால் ஓஆர்ஏ-06502 என்ற ஆரக்கிள் பிழையோடு விழும். ஒன்றிலிருந்து கவுண்ட் வரை என்று எழுதியிருந்தால் ஒன்றும் செய்யாமல் கடந்துபோகும்.

இப்படிக் கட்டுக்கட்டாக அள்ளும் முறை எதற்காக வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் காரணம் தெரியாமல் அதைப் பின்பற்றுவோரே மிகுதி. ப்ரொசீஜர்களை எழுதும் மொழியான பிஎல்/எஸ்க்யூஎல்லின் நிரல் ஆரக்கிளுக்குள் ஓர் இயக்கப்பொறியிலும், அதற்குள் இருக்கும் எஸ்க்யூஎல் கட்டளைகள் (தரவைப் படிக்கவும் மாற்றவும் சொல்பவை) வேறோர் இயக்கப்பொறியிலும் இயங்குகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு செலவு உண்டு. சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி செல்லும் மேம்பாலச் சாலையில் நூறு பேர் நூறு கார்களில் போனால் நூறு முறை சுங்கம் கட்ட வேண்டும். அவர்களே இரண்டு பேருந்துகளில் போனால் இரண்டு முறை போதும். மொத்தமாகப் படிக்கும் பல்க் கலெக்ட், மொத்தமாக எழுதும் ஃபார்ஆல் இரண்டும் அந்தப் பேருந்துகள். ஆரக்கிள் 8ஐ (8i) பதிப்பில் அவை வந்தன. ஆனால் 10ஜி பதிப்பிலிருந்து, கம்பைலர் நிரலை மேம்படுத்தும் அளவு இயல்பான 2 ஆக இருக்கும்போது, சாதாரணக் கர்சர் ஃபார் லூப்பையே கம்பைலர் நூறு நூறு பதிவுகளாக எடுக்கும்படி மாற்றிவிடுகிறது. எனவே வெறுமனே படிக்கும் லூப்புகளையெல்லாம் பல்க் கலெக்ட்டாக மாற்றி எழுத வேண்டும் என்று இன்றும் அறிவுரை சொல்வோரின் பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. லூப்புக்குள் இன்சர்ட்டோ அப்டேட்டோ இருந்தால் மட்டும் கதை வேறு. அவற்றைக் கம்பைலர் தானாகத் தொகுத்துத் தராது. அங்கே ஃபார்ஆல் தேவை.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, லூப்பே தேவையா என்பது. எட்கர் காட் 1970இல் உறவுமுறை மாதிரியை வெளியிட்டபோது, தரவை ஒவ்வொரு பதிவாகத் தொடர்ந்து செல்லாமல் கூட்டமாகக் கையாள்வதே அதன் அடிப்படையாக இருந்தது. எங்கள் கமிஷன் கணக்கை ஒரே மெர்ஜ் கட்டளையில் (பதிவு இருந்தால் திருத்தும், இல்லாவிட்டால் சேர்க்கும்) எழுதியிருக்கலாம் என்பதை நான் பின்னர்தான் உணர்ந்தேன். வேகத்தைவிட இதில் எனக்குப் பிடித்தது அது சத்தம்போடும் குணம். ஒரே முகவருக்கு மூலத்தில் தவறுதலாக இரண்டு பதிவுகள் வந்து, இரண்டும் ஒரே வரியைத் திருத்த முயன்றால், மெர்ஜ் ஓஆர்ஏ-30926 என்று சொல்லி நின்றுவிடும். கர்சர் லூப் அப்படிச் செய்யாது. முதல் தொகையை எழுதி, அதன்மேல் இரண்டாம் தொகையை எழுதி, வெற்றி என்றும் எழுதிவிடும். அதேபோல, ஒரு பதிவை மாறிகளில் எடுக்கும் செலக்ட் இன்டுவுக்குப் பதிவு கிடைக்காவிட்டால் பிழை எழும். ஆனால் ஓர் அப்டேட்டுக்குப் பொருந்தும் பதிவு ஒன்றுகூட இல்லாவிட்டால் எந்தப் பிழையும் எழாது. எத்தனை வரிகள் மாறின என்று ரோகவுண்டைக் கேட்டால்தான் தெரியும். பல்க் கலெக்ட்டும் பதிவில்லை என்று முறையிடாது, காலிக் கலெக்‌ஷனைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.

லூப்புக்குள் கமிட் செய்வது, அதாவது மாற்றங்களை நிரந்தரமாக்குவது, எங்கள் தொழிலில் வேரூன்றிப்போன பழக்கம். ஆயிரம் பதிவுக்கு ஒருமுறை கமிட் செய்தால் பாரம் குறையும் என்று மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்து, நாங்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். கர்சர் திறந்த நொடியில் தரவு எப்படி இருந்ததோ அதே நிலையைத்தான் அது கடைசிவரை காட்ட வேண்டும். அதற்குத் தேவையான பழைய வடிவங்கள் அன்டூ பகுதியில் இருக்கின்றன. நாம் கமிட் செய்தவுடன் அந்த இடம் பிறகு மீண்டும் எழுதப்படக்கூடியதாகிவிடுகிறது. அன்டூ தக்கவைப்பின் இயல்பு மதிப்பு 900 விநாடிகள், அதாவது கால் மணி நேரம். இரண்டு மணி நேரம் ஓடும் லூப், தான் படிக்கவேண்டிய பழைய வடிவத்தைத் தானே அழித்துக்கொண்டு, ஓஆர்ஏ-01555 என்று நடுவழியில் நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டிய கதைதான். படிக்கும் பதிவுகளைப் பூட்டிவைக்கும் ஃபார் அப்டேட் கர்சராக இருந்தால் இன்னும் விரைவில் தெரிந்துவிடும். கமிட்டுக்குப் பிந்திய முதல் ஃபெட்ச்சிலேயே ஓஆர்ஏ-01002 வந்துவிடும். அன்டூ தாங்குமென்றால் முடிவில் ஒரே ஒரு கமிட் செய்வதே என் முதல் தேர்வு. தாங்காத அளவு பெரிய வேலையாக இருந்தால், எந்தப் பதிவுவரை முடிந்தது என்ற நிலையை அட்டவணையிலேயே குறித்துவைத்து, மீண்டும் தொடங்கினால் இரட்டை வரவு விழாதபடி எழுத வேண்டும். 11ஜி இரண்டாம் வெளியீட்டிலிருந்து கிடைக்கும் டிபிஎம்எஸ்_பேரலல்_எக்ஸிக்யூட் என்ற ஆரக்கிள் பேக்கேஜ், அட்டவணையைத் துண்டுகளாகப் பிரித்துத் துண்டுக்கொரு கமிட் என்று நடத்திக்கொடுக்கும்.

பெயர்களால் வரும் ஆபத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்லத் தோன்றுகிறது. கர்சருக்கு ஏஜென்ட்_ஐடி என்று ஓர் அளவுரு கொடுத்து, அட்டவணையின் நெடுவரிசைக்கும் ஏஜென்ட்_ஐடி என்றே பெயர் இருந்து, எந்தப் பதிவுகள் வேண்டும் என்று சொல்லும் வேர் (WHERE) நிபந்தனையில் ஏஜென்ட்_ஐடி சமம் ஏஜென்ட்_ஐடி என்று எழுதினால், எஸ்க்யூஎல் கட்டளைக்குள் நெடுவரிசையின் பெயருக்கே முதலிடம் என்பதால் இரண்டு பக்கமும் அதே நெடுவரிசையாகிவிடும். நல் இல்லாத எல்லாப் பதிவுக்கும் நிபந்தனை உண்மையாகிவிடும். ஒரு முகவரைக் கேட்ட கர்சர் ஊரையே கூட்டிவரும். டெலிட் கட்டளையில் இதே தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சோதனை அட்டவணையில் ஒரே ஒரு முகவர் இருந்தால் இதுவும் தேறிவிடும். அளவுருக்களுக்கு பி என்றும் உள்மாறிகளுக்கு எல் என்றும் முன்னொட்டு வைக்கும் வழக்கம் அழகுக்காக வந்ததன்று.

நினைவகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கலெக்‌ஷன்கள் ஒவ்வொரு அமர்வுக்கும் தனியாக உரிய பிஜிஏ நினைவகத்தில் இருக்கின்றன. ஒரு பதிவு ஒரு கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், லிமிட் இல்லாமல் பத்து லட்சம் பதிவுகளை அள்ளும் ஓர் அமர்வு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட்டைப் பிடித்துக்கொள்ளும். அதுபோல் நாற்பது அமர்வுகள் ஒரே இரவில் ஓடினால் சர்வர் திணறும். 12சி பதிப்பில் பிஜிஏவுக்கு மேல்வரம்பு வந்தபின், வரம்பு மீறினால் ஓஆர்ஏ-04036 என்ற பிழை வரும். லிமிட்டை நூறிலிருந்து ஆயிரத்துக்குள் வைப்பதே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. அதற்கு மேல் கூட்டிக் கண்ட பயன் மிகக் குறைவு.

பிழையைப் பிடித்து விழுங்கும் வழக்கம் இருக்கிறதே, அதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வென் அதர்ஸ் தென் நல் (எந்தப் பிழை வந்தாலும் ஒன்றும் செய்யாதே) என்று லூப்புக்குள் எழுதிவிட்டால் எந்த இரவும் நிம்மதியான இரவுதான், மறுநாள் காலையில் முகவர் கேட்கும்வரை. பிழையை மறுபடி எழுப்பாத வென் அதர்ஸுக்கு 11ஜி முதல் கம்பைலரே பிஎல்டபிள்யூ-06009 என்ற எச்சரிக்கையைத் தருகிறது. எச்சரிக்கைகளை இயக்கி வைத்திருக்க வேண்டும், அவ்வளவே. ஒரு பதிவு கெட்டாலும் மற்றவை போகவேண்டும் என்பது நியாயமான தேவையென்றால், ஃபார்ஆலோடு சேவ் எக்ஸெப்ஷன்ஸ் சேர்த்தால் போதும். எல்லாம் முடிந்தபின் ஓஆர்ஏ-24381 எழும். எத்தனையாவது உறுப்பு எந்தப் பிழை எண்ணோடு தவறியது என்பது பல்க் எக்ஸெப்ஷன்ஸில் கிடைக்கும். அதை ஒரு பிழை அட்டவணையில் எழுதிவைத்தால் மறுநாள் காலையில் யாரைக் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

திறந்த கர்சரை மூட மறப்பதைப் பலரும் பெரிய குற்றமாகச் சொல்வார்கள். ப்ரொசீஜருக்குள் அறிவித்த கர்சர் அந்த ப்ரொசீஜர் முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும். பேக்கேஜ் அளவில் அறிவித்தவையும், ஜாவா நிரலுக்குக் கையளித்த ரெஃப் கர்சர்களும்தான் தொல்லை தருவன. ஜாவா பக்கத்தில் அந்தக் கர்சரைப் படிக்கும் ரிசல்ட்செட்டை மூடாமல் விட்டால் ஓபன்_கர்சர்ஸ் வரம்பை முட்டி ஓஆர்ஏ-01000 வரும். வரம்பின் இயல்பு மதிப்பு 50தான். வரம்பை மூவாயிரம் ஆக்கிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று டிக்கெட்டை மூடுபவர்கள், கசியும் குழாயின் கீழ் பெரிய வாளியை வைப்பவர்கள்.

மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வரிலிருந்து வருவோருக்கு ஒரு வார்த்தை. அங்கே ஃபெட்ச்_ஸ்டேட்டஸ் என்பது ஒரு கர்சருக்கு உரியதன்று. அந்த இணைப்பில் கடைசியாக நடந்த ஃபெட்ச் எதுவோ அதன் நிலையையே அது சொல்லும். ஒரு கர்சர் லூப்புக்குள் இன்னொன்றை வைத்து, உள்ளே உள்ளது முடிந்தபின் வெளியே உள்ளதன் அடுத்த ஃபெட்ச்சைச் செய்யாமல் அந்த மதிப்பைப் பார்த்தால், வெளி லூப் முதல் சுற்றிலேயே அமைதியாக முடிந்துவிடும். அங்கும் பிழைச் செய்தி இராது.

அந்த 47 பேர் விவகாரத்துக்குப் பின் எங்கள் குழுவில் சோதனைத் தரவு எண்ணிக்கையை நாங்களே தீர்மானிக்கத் தொடங்கினோம். லிமிட் 500 என்றால் பூஜ்ஜியம், 1, 499, 500, 501 ஆகிய ஐந்துக்கும் ப்ரொசீஜர் தனித்தனியாக ஓட வேண்டும். ஆறாவதாக 1,003 வைத்தோம். 2,000 போலக் கட்டுக்குச் சரியாகப் பொருந்தும் எண்களின்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. லாக் அட்டவணையில் "வெற்றி" என்ற சொல்லை எடுத்துவிட்டு மூன்று நெடுவரிசைகள் சேர்த்தோம்: அட்டவணையில் இருந்தவர்கள், வரவு வைக்கப்பட்டவர்கள், பிழையில் ஒதுங்கியவர்கள். முதல் எண்ணைக் கர்சரிடம் கேட்காமல் தனியான கவுண்ட் கட்டளையால் எடுக்கிறோம், கர்சரைக் கொண்டு கர்சரைச் சரிபார்க்க முடியாது என்பதால். மற்ற இரண்டின் கூட்டுத்தொகை முதல் எண்ணோடு பொருந்தாவிட்டால் ப்ரொசீஜர் கமிட் செய்யாமல் தன் வேலை முழுவதையும் ரோல்பேக் செய்துவிட்டு, அதாவது பழைய நிலைக்கே திருப்பிவிட்டு, பிழை எழுப்பும். அதை இயக்கிய இரண்டாம் மாதமே இரவு ஒன்றரை மணிக்கு என் தொலைபேசி ஒலித்தது. எண்ணிக்கை எடுத்த கட்டளைக்கும் கர்சரைத் திறந்த நொடிக்கும் இடையில் யாரோ மூன்று புதிய முகவர்களைச் சேர்த்திருந்தார்கள். மறுநாள் இரண்டு கட்டளைகளையும் ஒரே நொடியின் தரவைப் படிக்கும்படி கொண்டுவந்தோம்.