மூழ்கும் கிண்ணமும் வாய்க்கால் நீரும்

ஈரானின் வறண்ட நிலப்பகுதிகளில், மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சரிவான சுரங்கத்தின் வழியே, எந்த இறைப்புக் கருவியும் இல்லாமல், பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள வயல்களுக்குக் கொண்டுவரும் அமைப்புக்குக் கனாத் என்று பெயர். அவற்றுள் பதினொன்றை யுனெஸ்கோ 2016இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுரங்கத்தைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வெளியே வந்த நீரைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட முறையில்தான் எனக்கு வியப்பு அதிகம்.

கனாத்தில் ஊறும் நீர் மழைக்கேற்ப உடனுக்குடன் கூடிக் குறைவதில்லை; காலையிலும் இரவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடும். ஆகவே நீரை அளக்க வேண்டியதில்லை, நேரத்தை அளந்தாலே போதும். ஒருவருக்கு வாய்க்கால் முழுவதும் குறிப்பிட்ட நேரம் பாயும். பிறகு மடை மாற்றி அடுத்தவருக்கு விடுவார்கள். அந்த நேரத்தை அளந்து சொன்னது, அடியில் சிறு துளையிட்ட ஒரு செப்புக் கிண்ணம். பெரிய பாத்திரத்து நீரில் அதை மிதக்கவிட்டால், துளை வழியே நீர் ஏறி, நிரம்பி, மூழ்கும். பொறுப்பாளர் ஒரு கூழாங்கல்லைக் கணக்குக்கு எடுத்து வைத்துவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்து மீண்டும் மிதக்கவிடுவார். பாரசீகத்தில் அதன் பெயர் பிங்கான். நாம் தட்டுக்கும் கோப்பைக்கும் சொல்லும் பீங்கான் அந்தச் சொல்லின் வழிவந்ததுதான். நாழிகை வட்டிலும் இதே வகைக் கருவியே.

நீர் ஒழுகும் பானையைக் கொண்டும் நேரத்தை அளக்கலாமே என்று கேட்கலாம். பானையில் நீர் குறையக் குறைய அழுத்தமும் குறைவதால், முதலில் பீய்ச்சியடிக்கும் நீர் கடைசியில் சொட்டத் தொடங்கிவிடும். எந்தச் சொட்டோடு கணக்கை முடிப்பது என்பதிலேயே சண்டை வரும். மிதக்கும் கிண்ணத்துக்கு இந்தக் குறை இல்லை. அது விலக்கும் நீரின் எடை, கிண்ணத்தின் எடையும் உள்ளே புகுந்த நீரின் எடையும் சேர்ந்ததற்குச் சமம். எனவே உள்ளே நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு கிண்ணமும் இறங்கும். பக்கங்கள் செங்குத்தாக இருந்தால், வெளிநீர் மட்டத்துக்கும் உள்நீர் மட்டத்துக்கும் உள்ள இடைவெளி கடைசிவரை மாறாது. இடைவெளி மாறாததால் நீர் புகும் வேகமும் மாறாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 கிராம் எடையும், 16 செ.மீ. விட்டமும், 12 செ.மீ. உயரமும் உள்ள நேர்ச்சுவர்க் கிண்ணம் என்றால் அந்த இடைவெளி 2.5 செ.மீ.; துளையில் நீரின் வேகம் வினாடிக்கு சுமார் 70 செ.மீ. துளையில் நுழையும் நீர்த்தாரை சுருங்குவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், 24 நிமிடத்தில், அதாவது ஒரு நாழிகையில், கிண்ணம் மூழ்குவதற்கு 2 மி.மீ. விட்டமுள்ள துளை போதும். வெளிநீர் விளிம்பைத் தொட்டதும் நாற்புறமும் நீர் பாய்ந்து, ஓரிரு கணத்தில் கிண்ணம் அடியில் போய் இடிக்கும். முடிவு எது என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. (வீட்டில் ஒரு தகர டப்பாவின் அடியில் ஆணியால் துளையிட்டு வாளியில் விட்டுப் பார்க்கலாம், சாய்ந்துவிடாமலிருக்க உள்ளே இரண்டு மூன்று கூழாங்கற்களைப் போட வேண்டும்.)

துளையில் உப்புப் படிந்தால் கிண்ணம் தாமதமாக மூழ்கும். ஆனால் அது எல்லோருடைய முறையையும் ஒரே விகிதத்தில்தான் நீட்டும். சுற்று நீளுமே தவிர, பங்கு மாறாது. நியாயமான பங்கீட்டுக்குச் சரியான கடிகாரம் தேவையில்லை, எல்லோருக்கும் ஒரே கிண்ணமாக இருந்தால் போதும். தொல்லை வருவது ஒரு சுற்றுக்குள்ளேயே ஏற்படும் மாற்றத்தால்தான். குளிர்ந்த நீர் சற்றே பிசுப்பு மிக்கது; 10 பாகை செல்சியஸில் அதன் பாகுத்தன்மை 40 பாகையில் இருப்பதைப்போல இரு மடங்கு. சிறு துளையில் அது நீரோட்டத்தைச் சிறிது மந்தமாக்கும் என்பதால், இரவில் பாய்ச்சுபவருக்குச் சிறிது கூடுதல் நேரம் கிடைக்கும். வெயிலில்லாததால் ஆவியாகி வீணாகும் நீரும் அவருக்குக் குறைவு. சுற்று முழு நாட்களில் முடிந்தால் அந்த ஆதாயம் எப்போதும் ஒருவருக்கே போகும். அரை நாள் கூட்டினால் அடுத்த சுற்றில் இரவும் பகலும் இடம் மாறிவிடும்.

ஆற்றிலிருந்து வரும் நீருக்கு இந்த உத்தி பொருந்தாது. மாலையில் வெள்ளம் ஏறினால், காலையில் பாய்ச்சியவர் ஏமாந்துபோவார். 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற, பாலித் தீவின் சுபாக் என்னும் பாசன அமைப்பில் நீர் அகலத்தால் பங்கிடப்படுகிறது. வாய்க்காலின் குறுக்கே மரக்கட்டையை வைத்து, பங்குக்கேற்ற அகலத்தில் அதில் வெட்டுகள் இடுகிறார்கள். வெட்டின் வழியே செல்லும் நீர், அதன் அகலத்தையும் அதன்மேல் நீர் நிற்கும் உயரத்தையும் பொறுத்தது. அடிகள் ஒரே மட்டத்தில் இருந்தால் உயரம் எல்லா வெட்டுக்கும் பொது. வெள்ளம் வந்தாலும் வற்றினாலும் விகிதம் நிலைக்கும்.

ஆனால் நீர் மிகவும் குறைந்துபோகும்போது இதுவும் பயன்படாது. பல கிளைகளாகப் பிரிந்த மெல்லிய ஓட்டத்தை வாய்க்கால் மண்ணே உறிஞ்சிவிடும். கடைமடைக்கு ஈரம்கூடப் போய்ச் சேராது. அப்போது பிரிந்ததையெல்லாம் மீண்டும் ஒன்றாக்கி, ஒவ்வொருவருக்கும் முறை வைத்து முழு வாய்க்காலையும் திறந்துவிட வேண்டியிருக்கும்.