தொடரின் உறுப்பு சிறுத்துவிட்டது, விடை வந்துவிட்டதா?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியிலும் பீன்யாவிலும் சென்சார் போர்டுகளுக்கு நிரல் எழுதும் நம்மவர்களின் கோடில், முடிவில்லாத் தொடரை உறுப்பு உறுப்பாகக் கூட்டும் இடத்தில் அடிக்கடி தென்படும் வரி: "உறுப்பு 0.000001-க்குக் கீழே போனால் லூப்பை நிறுத்து." ரிவ்யூவில் யாரும் இதைக் கேள்வி கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

1 + 1/4 + 1/9 + 1/16 + … தொடரில் 1000-ஆவது உறுப்பு சரியாக 0.000001. அங்கே நிறுத்தினால் விடையில் 0.001 குறையும். விட்டுப்போன சிறுதுளிகள் சேர்ந்தால் பெருவெள்ளம்தானே.

அடுக்குத் தொடர்களில் (x, x², x³ என்று போகும் தொடர்கள்) இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒருங்கு ஆரத்தின் விளிம்பில்தான், அதாவது தொடர் ஒரு விடையில் குவியும் x மதிப்புகளின் எல்லையில்தான் வரும். ஆகவே முதல் வேலை, விளிம்பை விட்டு உள்ளே வருவது. 2-இன் இயல் மடக்கைக்கு 1 − 1/2 + 1/3 − … என்று (விளிம்பான x = 1-இல்) போனால், பிழை 0.0000011-க்கு இறங்க நாலரை லட்சம் உறுப்புகள் வேண்டும். அதையே 2 × (1/3 + 1/(3×3³) + 1/(5×3⁵) + …) என்று (உள்ளே, x = 1/3-க்கு) மாற்றினால் ஐந்தே உறுப்புகள்.

அப்படி மாற்ற வழியில்லையா? குறியைப் பாருங்கள். கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வந்தால் 1926-இல் கணிதர் ஏட்கின் தந்த முறை போதும். ஒவ்வோர் உறுப்பையும் சேர்த்ததும் வரும் கூட்டுத்தொகைகளில் கடைசி மூன்றிலிருந்து இரண்டு வித்தியாசங்களை எடுங்கள். பிந்தையதன் வர்க்கத்தை, பிந்தையதிலிருந்து முந்தையதைக் கழித்த எண்ணால் வகுத்து, கடைசிக் கூட்டுத்தொகையிலிருந்து கழியுங்கள். மேலே சொன்ன மடக்கைத் தொடரில் 10 உறுப்புகள் தரும் 0.645635, இதனால் 0.693003 ஆகிறது, உண்மை விடை 0.693147. வகுக்கும் எண் பூஜ்யத்தை நெருங்கினால் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் வருவது வெறும் ரவுண்டிங் குப்பை.

(மாதவர் வழிவந்த கேரளக் கணிதர்கள் கடைசிக் கூட்டுத்தொகையைத் திருத்தும் இதுபோன்ற தந்திரத்தை எப்போதோ கையாண்டுவிட்டார்கள். 1 − 1/3 + 1/5 − … தொடரின் 10 உறுப்புகளோடு அவர்களுடைய திருத்தமான 101/4050-ஐக் கூட்டி 4-ஆல் பெருக்கினால் 3.1415927.)

எல்லா உறுப்புகளும் ஒரே குறியாக, 1/4, 1/9 போல மெல்லத் தேய்ந்தால் ஏட்கின் பிழையைப் பாதியாக்குவதோடு சரி. அங்கே வாலை, அதாவது விட்டுப்போன உறுப்புகளின் மொத்தத்தை, மதிப்பிட்டுக் கூட்டுங்கள்: 10 உறுப்புகளுக்குப் பிறகு அது ஏறக்குறைய 1/10.5. விடை 1.645006, உண்மை 1.644934. உறுப்புகளை ஏற்றிக்கொண்டே போகலாமே என்பவர்களுக்கு: 32 பிட் ஃப்ளோட்டில் (சுமார் ஏழு இலக்கங்களே தாங்கும் எண் வடிவம்) முன்னிருந்து கூட்டினால் 4096-ஆவது உறுப்பை எட்டியதும் கூட்டுத்தொகை 1.644725-இல் நின்றுவிடும். அப்புறம் கோடி முறை சுற்றினாலும் அசையாது.