வெள்ளம் வடிந்த பிறகு விஏஓ என்ன எழுதினார்?

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று பெய்த மழையைப் பற்றி நெல்லைக்காரர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பக்கத்து மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெயர் வைத்த புயல் எதுவும் வரவில்லை. குமரிக்கடல் பக்கம் வந்து நின்ற மேலடுக்குச் சுழற்சிதான் அவ்வளவையும் கொட்டியது. தாமிரபரணியில் குறுக்குத்துறை முருகன் கோயில் முங்குவது நமக்குப் பழக்கம். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸுக்குள் தண்ணீர் வந்தது பழக்கமில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு கணக்கெடுக்க வந்தார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் தாய்மாமா சேரன்மகாதேவி பக்கம் ஒன்றரை ஏக்கர் வாழை போட்டிருந்தார். நிலம் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்தது. நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். வாழை பூராவும் சாய்ந்து, மேலே மணல் மூடிவிட்டது. கணக்கெடுக்க வந்த விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலரிடம்) மாமா தன் பெயரைச் சொன்னபோது, "அண்ணாச்சி, பட்டா யார் பேர்ல இருக்குன்னு பார்த்துத்தான் நாங்க எழுதணும்" என்று பதில் வந்தது. சென்னைக்காரர் கணக்கில் பணம் ஏறியது. அவர் நல்ல மனிதர், பாதியைத் திருப்பி அனுப்பினார். மீதிப் பாதியைக் கேட்க மாமாவுக்கு வாய் வரவில்லை.

வெள்ள நிவாரணத்தைப் பலரும் அரசு இரக்கப்பட்டுப் போடுகிற காசு என்றே நினைக்கிறார்கள். அதன் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். உயிரிழப்புக்கும், வீட்டுச் சேதத்துக்கும், பிழைப்பை மீட்பதற்கும் குறைந்தபட்ச நிவாரணம் என்னவென்று வரையறுக்கச் சொல்கிறது அதன் 12ஆம் பிரிவு. விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 61ஆம் பிரிவை நம் ஊர்ப்பக்கம் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது: நிவாரணம் கொடுப்பதில் சாதி, மதம், ஆண் பெண் பேதம் கூடாது. முகாமில் சோற்றுப் பந்தி பிரிந்தாலும், கணக்கெடுப்பு ஒரு தெருவோடு நின்று அடுத்த தெருவுக்குப் போகாவிட்டாலும், இந்தப் பிரிவின் எண்ணை எழுதி மனு கொடுக்கலாம். பொய்யாகக் கோரிக்கை வைத்தால் இரண்டு வருடம் வரை சிறை என்று 52ஆம் பிரிவும் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆட்டை நம் கணக்கில் சேர்ப்பவர்கள் அதையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

பணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. நூறு ரூபாயில் 75 மத்திய அரசுடையது, 25 மாநிலத்துடையது. எதற்கு எவ்வளவு என்று மத்திய உள்துறை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கீழே நான் சொல்லும் தொகைகள் 2022-23 முதல் 2025-26 வரைக்கான பட்டியலில் உள்ளவை. அதற்குப் பிந்தைய இழப்பு என்றால் அப்போது நடப்பில் உள்ள தொகையைத் தாலுகா ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியலுக்கு மேல் கொடுக்க வேண்டுமானால் மாநிலம் தன் பையிலிருந்துதான் போட வேண்டும். 2023 வெள்ளத்தில் அப்படிப் போட்டது. பட்டியலில் உயிரிழப்புக்கு 4 லட்சம், இங்கே 5 லட்சம் கொடுத்தார்கள். கடுமையாகப் பாதித்த வட்டங்களில் ரேஷன் கார்டுக்கு 6,000, மற்ற இடங்களில் 1,000 என்று ரேஷன் கடையில் கொடுத்ததும் மாநில அரசின் அறிவிப்புதான். நிறையப் பேர் அந்த 6,000 வாங்கியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். பயிருக்கும் மாட்டுக்கும் வீட்டுக்கும் கிடைக்க வேண்டியது வேறு கணக்கு.

சரி, வயலுக்கு வருவோம். பயிரில் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால்தான் நிவாரணம். 2015க்கு முன் இது 50 சதவீதமாக இருந்தது. மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500, பாசன நிலத்துக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர் வரைதான். ஹெக்டேர் என்றால் சுமார் இரண்டரை ஏக்கர். ஆகப் பிசானப் பருவத்தில் (மழைக்காலப் போகம்) நெல் போட்டவருக்கு ஏக்கருக்கு ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. உழவும் நடவும் சேர்ந்து எவ்வளவு ஆகும் என்று வயலில் இறங்கியவர்களுக்குத் தெரியும். இது இழப்பீடே கிடையாது, அடுத்த விதைப்புக்கு ஒரு கைச்செலவு. பட்டியலும் இதை இடுபொருள் மானியம் என்றுதான் சொல்கிறது. வாழைக்காரர்கள் கணக்கெடுப்புத் தாளில் தங்கள் பயிர் எந்த வரிசையில் (பாசனப் பயிரா, பல்லாண்டுப் பயிரா) விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வரிசை மாறினால் ஹெக்டேருக்கு 5,500 ரூபாய் வித்தியாசம்.

பலருக்குத் தெரியாத வரிசை ஒன்று உண்டு. வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்திருந்தால் அதை அள்ள ஹெக்டேருக்கு 18,000. ஆறு போக்கு மாறி நிலமே போய்விட்டால் 47,000. இரண்டும் சிறு, குறு விவசாயிகளுக்கு. வேறு அரசுத் திட்டத்தில் அதே வேலைக்குப் பணம் வாங்கியிருக்கக் கூடாது. மூன்று அங்குலம் என்பது முக்கியம். மணலுக்குள் ஒரு அளவுகோலைக் குத்தி வைத்து, இடமும் தேதியும் பதிவாகும்படி போட்டோ எடுத்து வைத்தவர்கள் பிழைத்தார்கள். ஜேசிபி வைத்து அள்ளிய பிறகு, "இங்க மணல் கிடந்தது சார்" என்று கையைக் காட்டியவர்களுக்கு ஒன்றும் எழுதவில்லை.

இப்போது பாட்டக்காரர் விஷயம். நம் மாவட்டத்தில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூர் போனவர்கள் விட்டுப்போன நிலம் என்று பாட்டத்துக்கும் வாரத்துக்கும் (விளைச்சலில் பங்கு கொடுத்து) உழுபவர்கள் ஏராளம். நிலம் யாருடையது என்பதற்குப் பட்டா. அதில் இந்தப் போகம் யார் என்ன பயிர் செய்தார் என்பதற்கு அடங்கல். இந்த இரண்டாவது தாளில் உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும். விதைத்த கையோடு விஏஓவிடம் போய், நிலத்துக்காரர் சம்மதக் கடிதத்தையும் கொடுத்து, சாகுபடிச் சான்று வாங்கிவிடுங்கள். வெள்ளம் வந்த பிறகு கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதில் குத்தகைதாரராகப் பதிந்துகொண்டால் எல்லாவற்றுக்கும் பலம். ஆனால் நிலத்துக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே அடுத்த வருடம் நிலம் கிடையாது என்று சொல்லிவிடுவார்கள். அதனால்தான் என் மாமா மாதிரி ஆட்கள் வாய்மொழிப் பாட்டத்திலேயே காலத்தை ஓட்டுகிறார்கள். குறைந்தது அடங்கலிலாவது பெயரை ஏற்றுங்கள் என்பதுதான் நான் சொல்ல முடிந்தது.

பயிர்க் காப்பீடு இதற்கு வெளியே தனியாக நிற்கிறது. அந்தச் சாகுபடிச் சான்று இருந்தால் குத்தகைக்காரரும் சேரலாம். கார் பருவத்தில் (பிசானத்துக்கு முந்தைய போகம்) காப்பீட்டுத் தொகையில் இரண்டு சதவீதம், பிசானத்தில் ஒன்றரை, வாழை மாதிரித் தோட்டப் பயிருக்கு ஐந்து சதவீதம் வரை விவசாயி கட்ட வேண்டும். இதில் எல்லோரும் சண்டை போடும் இடம் ஒன்று உண்டு: உங்கள் வயல் மட்டும் போனால் பொதுவாகப் பணம் வராது. கிராமத்திலோ பிர்காவிலோ (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) சில வயல்களில் அறுவடைச் சோதனை செய்து, சராசரி மகசூல் குறைந்திருந்தால்தான் எல்லோருக்கும் வரும். அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் மழையில் நனைந்தால் தனி வயலுக்கே கேட்கலாம், அறுத்ததிலிருந்து 14 நாள் வரை. அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியிருக்க வேண்டும். 14447 என்ற எண்ணில் கூப்பிட்டுப் புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள்.

ஆடு மாட்டுக்கு வருவோம். பசு, எருமைக்கு 37,500. உழவு மாட்டுக்கு 32,000. கன்றுக்கு 20,000. ஆட்டுக்கு 4,000. கோழிக்கு நூறு ரூபாய், ஒரு வீட்டுக்குப் பத்தாயிரம் வரை. கறவையில் பெரிய மாடு என்றால் மூன்று, ஆடு என்றால் முப்பதுதான் உச்சம். மானூர், நாங்குநேரிப் பக்கம் கிடை போடுகிறவர்களிடம் நூற்றுக்கு மேல் ஆடு இருக்கும். அதில் முப்பதுக்கு மேல் செத்தது கணக்கில் வராது. இது சரியில்லை என்பது என் கருத்து. கிடை வைத்திருப்பவரிடம் பெரும்பாலும் நிலம் இருக்காது, அந்த ஆடுகள்தான் அவருடைய சொத்தெல்லாம். செத்த ஆட்டைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டிச் சான்று வாங்குங்கள். மாட்டின் காதில் 12 இலக்கத் தோடு போட்டிருந்தால் அந்த எண்ணை வேறெங்காவது எழுதி வையுங்கள். மாட்டோடு தோடும் போய்விடும்.

வீட்டுக்கு: முழுக்கப் போன வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000. பகுதிச் சேதம் 15 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் பக்கா வீட்டுக்கு 6,500, மண் வீட்டுக்கு 4,000. குடிசைக்கு 8,000. வீட்டை ஒட்டிய மாட்டுத் தொழுவத்துக்கு 3,000. வீடு அடித்துச் செல்லப்பட்டாலோ, முழுக்க இடிந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் வெள்ளத்தில் கிடந்தாலோ துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500. இடிந்த வீடு அனுமதியோடு கட்டியதாக இருக்க வேண்டும் என்று பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. ஆற்றங்கரைப் புறம்போக்கில் இருப்பவர்களைத் திருப்பி அனுப்ப அந்த வரியைத்தான் காட்டுவார்கள். ஆனால் குடிசை என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் ஓலை, மண், பிளாஸ்டிக் ஷீட் போட்ட, மாவட்ட நிர்வாகம் குடிசை என்று வழக்கமாக ஏற்கும் எதுவும் வரும் என்றுதான் எழுதியிருக்கிறது. கரண்ட் பில், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எது இருந்தாலும் காட்டி அந்த வரிசையில் கேளுங்கள்.

பத்தமடையில் பாய் நெய்பவர்களுக்கும் ஒரு வரிசை உண்டு. கைவினை, கைத்தறிக்காரர்களின் கருவி போனால் 5,000. கோரை, நெய்து முடிக்காத பாய், நெய்து வைத்த பாய் நனைந்து கெட்டால் இன்னொரு 5,000. பீடி சுற்றும் பெண்களுக்கு அப்படிப் பெயர் சொல்லி ஒன்றும் இல்லை. இத்தனை ஆயிரம் பேர் பீடி சுற்றும் மாவட்டத்தில் இது பெரிய ஓட்டை. உவரி, கூடுதாழை, கூத்தங்குழிப் பக்கம் உள்ளவர்களுக்கு: 2023 டிசம்பரில் முழுக்கப் போன கட்டுமரத்துக்கு 50,000 என்று மாநிலம் அறிவித்தது, மத்தியப் பட்டியலில் இருப்பதைவிட இது அதிகம். படகுப் பதிவு நடப்பில் இருக்க வேண்டும்.

பெயர் விட்டுப்போனால் கணக்கெடுப்புப் பட்டியலின் நகலை விஏஓவிடம் கேளுங்கள். தராவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் தாலுகா ஆபீஸில் கேட்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வெறுமனே "நிவாரணம் வரவில்லை" என்று எழுதாமல் சர்வே எண், சேதமான தேதி, எந்த வரிசை, எவ்வளவு பரப்பு என்று எழுதினால் மனு சீக்கிரம் நகரும். வெள்ள நேரத்து அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

கடைசியாக வெயில். 2025-26 வரைக்கான மத்தியப் பட்டியலில் வெள்ளம், வறட்சி, புயல் என்று 12 பேரிடர்கள் இருந்தன; வெப்ப அலை அதில் இல்லை. மாநிலங்கள் தங்களுக்கென்று சிலவற்றை அறிவித்து, ஆண்டு நிதியில் பத்து சதவீதம் வரை அதற்குச் செலவழிக்கலாம். அந்த வழியில் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் செத்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். பாளையங்கோட்டையில் நூறு டிகிரியைத் தாண்டும் நாளில் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் நிற்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்து இறந்தவரை நெஞ்சு வலி என்று சொல்லி நேரே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். பிரேதப் பரிசோதனை இல்லாமல், மருத்துவர் காரணத்தை எழுதாமல், அந்தக் கோரிக்கை தாலுகா ஆபீஸ் வாசலைத் தாண்டாது. அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எத்தனை மணிக்கு எங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதைக் கூட இருந்தவர் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்.